சீனி இறங்கினால் சந்தோஷப்படலாமா?

கேள்வி: என் மாமிக்கு 64 வயது. பதினைந்து வருஷமாகச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது. சீனிக்கு மெட்போமின், கிளிபென்கிளமைட், பிரஷருக்கு லொசாட்டன் எடுக்கிறார். போன மாதம் இரத்தம் சோதித்ததில் கிரியேட்டினின் 1.5, பொட்டாசியம் 4.6. கிட்னி வேலை செய்யும் அளவு (eGFR) 38தான் என்றார்கள். சீனிக்குக் கீரையும் பருப்பும் நல்லது என்று சொன்ன அயலவர்களே இப்போது கிட்னிக்கு அவை கூடாது என்கிறார்கள். மாமி பயந்துபோய் மூன்று நேரமும் கஞ்சிதான் குடிக்கிறார். 58 கிலோ இருந்தவர் 52க்கு வந்துவிட்டார். ஒரே ஆறுதல், 180க்குக் கீழே வராத வெறும்வயிற்றுச் சீனி இப்போது 80க்கு இறங்கியிருக்கிறது. விடியப்புறத்தில் மட்டும் வேர்த்துக் கொட்டுகிறது. நான் என்ன சமைத்துக் கொடுப்பது?
– ஒரு மருமகள், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, சமையலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வியர்வையைப் பார்ப்போம்.

சீனி இறங்கியதை ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் பயம் தந்த வரியே அதுதான். உடம்பிலுள்ள இன்சுலினில் ஒரு பகுதியைக் கழித்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் இன்சுலின் இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். கிளிபென்கிளமைட் குளிசையின் வேகமும் அப்படியே நீண்டு நிற்கும். இதற்கு மேல் மாமி சோற்றையும் குறைத்துவிட்டார். அதனால் 80 என்பது வருத்தம் சுகமானதன் அடையாளமாக இல்லாமல், குளிசை கூடிப்போனதன் அடையாளமாக இருக்கலாம். விடியப்புறம் வேர்ப்பதும், இருந்தால் நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும், சீனி 70க்குக் கீழே போகிறது என்று உடம்பு சொல்லும் சேதி. அடுத்த கிளினிக் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். கொப்பியையும் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் போங்கள். கிளிபென்கிளமைட்டை மாற்ற வேண்டுமா, கிட்னி வேலை செய்யும் அளவு 45க்குக் கீழே வந்துவிட்டதால் மெட்போமின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். (30க்குக் கீழே போனால் மெட்போமினை நிறுத்திவிடுவார்கள்.)

அதற்கு முன் இன்றிரவே வேர்த்தால் குளுக்கோமீற்றரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, மீற்றரே இல்லையென்றாலோ மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணித்தியாலம் கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் கொஞ்சம் சோறோ பாணோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ‘கிட்னிக்காரருக்குக் கீரை கூடாது’ என்பது எல்லோருக்குமான விதியில்லை. பொட்டாசியம் ஏறியவர்களுக்குச் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது. மாமியின் 4.6 அளவுக்குள்தான் இருக்கிறது. ஆகவே பொன்னாங்காணியும் முருங்கை இலையும் வல்லாரையும் இன்றைக்கு அவர் தட்டுக்கு வரலாம். லொசாட்டன் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய மருந்து என்பதால் அதை மட்டும் விடாமல் சோதித்து வாருங்கள். 5ஐத் தாண்டத் தொடங்கினால் கீரையையும் மரவள்ளியையும் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். செவ்விளநீரை அப்போது நிறுத்த வேண்டும். இப்போதும் அதைத் தினக் குடிப்பாக்க வேண்டாம்.

மாமி மெலிவதுதான் எனக்கு அடுத்த கவலை. புரதத்தைக் கூட்டினால் சிறுநீரகத்துக்குச் சுமை, ஒரேயடியாக வெட்டினால் தசை கரையும். டயாலிசிஸ் செய்யாதவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது கணக்கு. மாமியின் 52 கிலோவுக்கு 42 கிராம் அளவில் வரும். பகலுக்கு உள்ளங்கையளவு மீன், ஒரு நாளில் ஒரு முட்டை, மூன்று கரண்டி பருப்பு, மிச்சம் சோற்றிலும் இடியப்பத்திலும் சேர்ந்துவிடும். வாவி மீனானாலும் கடல் மீனானாலும் புதிதாக வாங்கி ஆணம் வையுங்கள். சிவப்பரிசிச் சோற்றை விட வேண்டாம், தேநீர்க் கோப்பையால் ஒரு கோப்பை அளந்து போடுங்கள். கஞ்சியைவிட அது மெதுவாகத்தான் சீனியை ஏற்றும்.

கண்டிப்பாகக் குறைக்க வேண்டியது உப்பு. நம் கரையில் இதைச் சொல்வது லேசில்லை என்று தெரியும். கருவாட்டுக் குழம்பு இல்லாத வாரம் ஏது? ஆனால் ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிதான். கருவாடு, ஊறுகாய், அப்பளம், சூப் கட்டி, பாண் எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. கருவாட்டை ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது. தேசிக்காய், உள்ளி, மிளகு, ரம்பை, கறிவேப்பிலை என்று வாசத்தைக் கூட்டிச் சமைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்க வேண்டாம். அதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம்.

இன்னொன்று. முற்றத்தில் தமரத்தை மரம் நின்றால் அந்தக் காயையும் சாற்றையும் மாமிக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். நட்சத்திரம் மாதிரி ஐந்து மூலையுள்ள அந்தக் காய் தளர்ந்த சிறுநீரகத்துக்கு உண்மையிலேயே நஞ்சு, விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டு போகும். பிலிம்பிக்காய்ச் சாறும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான். பாகற்காய்க் கறி சாப்பிடலாம், ஆனால் குளிசையோடு பாகற்காய்ச் சாறும் குடித்தால் சீனி இன்னும் இறங்கும். முழங்கால் வலிக்கு பாமசியில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் குளிசைகள் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கால் வீக்கமும் மூச்சிளைப்பும் இல்லாதவரை தாகத்துக்குக் குடிக்கட்டும். குடம் குடமாகக் குடித்தால் கிட்னி கழுவுப்படும் என்பது பொய்.

அப்புறம், மாமி தயிரையும் கைவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நம்மூர் எருமைத் தயிரில் இரண்டு கரண்டி, பாணி ஊற்றாமல், பகல் சோற்றோடு கொடுங்கள்.