ஊர்க் கபடிப் போட்டிக்குக் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர் மன்றம் கபடிப் போட்டி நடத்தப் போகிறது. திருப்பூர், அவிநாசி, பல்லடம் என்று சுற்றிலும் இத்தனை பனியன் கம்பெனிகளும் மில்களும் இருக்கின்றன. அவர்களின் சிஎஸ்ஆர் நிதியில் ஸ்பான்சர் வாங்க முடியுமா? எப்படிக் கேட்பது?

பதில்:

சிஎஸ்ஆர் பணம், அதாவது பெரிய கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம், கிடைக்காது. ஸ்பான்சர் பணம் கிடைக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஆபீஸ் ஆபீஸாக அலையும் பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன். நீங்களும் மன்றத்தின் பெயரில் லெட்டர்பேடு அடித்து, 'விளையாட்டை வளர்க்க ஆதரவு தாரீர்' என்று தொடங்கும் கடிதத்தைத் தயாராக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, கிரிக்கெட் டோர்னமென்ட், ரேக்ளா என்று நன்கொடை கேட்டு வரும் கடிதங்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். பள்ளியில் படிக்கும்போது நானும் கபடி ஆடியவள், ரைடர். இப்போது எங்கள் ஊரில் பெண்கள் கபடிப் போட்டி நடத்தும் குழுவில் இருக்கிறேன். பணம் கேட்கிறவர்களின் பாடும் தெரியும், கேட்கப்படுகிறவர்களின் கணக்கும் தெரியும். 'ஒரு கிளர்க்குக்கு விளையாட்டு வணிகம் பற்றி என்ன தெரியும்' என்று கேட்பவர்கள் இருந்தால், ஊர்ப் போட்டிக்கு வரும் பணம் எங்களைப் போன்றவர்கள் போடும் வவுச்சரில்தான் கிளம்புகிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் சட்டம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனிதான் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம் பக்கத்தில் பெரிய கேட் போட்டு, நான்கைந்து பஸ் ஓட்டும் யூனிட்கள்கூடப் பெரும்பாலும் பங்குதாரர் நிறுவனங்கள், இல்லையென்றால் தனிநபர் பெயரில் நடப்பவை. அவற்றுக்கு இந்தக் கடமையே கிடையாது. அவர்களிடம் போய் 'உங்கள் சிஎஸ்ஆரில் இருந்து கொடுங்கள்' என்று கேட்டால், கேட்டவருக்கு விவரம் தெரியவில்லை என்று அங்கேயே முடிவாகிவிடும்.

சரி, கடமை உள்ள கம்பெனியையே பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிஎஸ்ஆரில் எதற்கெல்லாம் செலவிடலாம் என்று பட்டியல் போடும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விளையாட்டு இருக்கிறது. ஆனால் கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி என்றுதான் இருக்கிறது. மாரத்தான், விருது விழா மாதிரி ஒரு தடவை நடந்து முடிகிற நிகழ்ச்சிகள் இதில் சேராது என்று 2014லேயே மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. 2021இல் திருத்திய விதிகளில், தன் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர் செலவையும் வெளியே எடுத்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் கம்பெனி பெயரோடு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தால் அது விளம்பரம், அவ்வளவுதான். வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுக்கும் பதிவு பெற்ற அறக்கட்டளை உங்களிடம் இருந்து, அதற்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும் இருந்தால் அந்தக் கோச்சிங்குக்காகக் கேட்கலாம். இரண்டு நாள் போட்டிக்குக் கேட்க முடியாது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. விளம்பரமாகக் கொடுப்பதுதான் கம்பெனிக்கும் சௌகரியம். விளம்பரச் செலவைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். சிஎஸ்ஆர் செலவை அப்படிக் கழிக்க 2014 நிதிச் சட்டத்துக்குப் பிறகு வழியில்லை. அதனால் கேட்கும்போதே 'விளம்பரம்' என்று கேளுங்கள். மன்றத்தைச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்து, பான் எண்ணும் மன்றத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கும் வாங்கி வையுங்கள். எல்லாக் கம்பெனிகளும் ஏன் பத்தாயிரம் ரூபாயிலேயே நிற்கின்றன என்று யோசித்திருப்பீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கு ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. கணக்கு எண் கொடுத்தால் அந்த வரம்பு இல்லை. பாதிப் பேர் கணக்கு எண் இல்லாமல்தான் வருகிறார்கள்.

ஜிஎஸ்டியும் உண்டு. உங்களைப் போன்ற மன்றத்துக்கு ஸ்பான்சர் செய்யும் கம்பெனியோ பங்குதாரர் நிறுவனமோ 18 சதவீத வரியைத் தானே கட்ட வேண்டும். தேசிய விளையாட்டுச் சம்மேளனத்தோடு இணைந்த அமைப்பு நடத்தி, அணிகள் மாவட்டத்தையோ மாநிலத்தையோ பிரதிநிதித்துவம் செய்தால் அந்த வரி இல்லை. ஊர் அணிகள் ஆடும் போட்டிக்கு அந்த விலக்கு வராது. கேட்கிற தொகைக்கு மேல் இதுவும் ஆகும் என்று அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டால் மரியாதை கூடும்.

இனி எங்கள் கதை. நீங்கள் கேட்டது பையன்கள் போட்டியாகத்தான் இருக்கும். எங்களுடையது பெண்கள் மட்டும் ஆடும் போட்டி. முதல் வருடம் ஒரு பனியன் ஏற்றுமதி முதலாளியைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர், காபி கொடுத்து உட்கார வைத்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, பொட்டப்புள்ளைக ஆடறதுக்கு யாருங்க வந்து பாப்பாங்க? பசங்க மேட்ச்சுன்னா சொல்லுங்க, இப்பவே எழுதிக்கலாம்" என்றார். என்னோடு வந்திருந்த கோச் அக்கா எழுந்து நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை. யார் வந்து பார்ப்பார்கள்? அதற்குப் பதில் எங்களிடம் இருந்தது. கடிதத்தில்தான் இல்லை.

பெண்கள் ஆடினால் பெண்கள் வருவார்கள். அம்மா, அப்பத்தா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் வருவார்கள். பையன்கள் போட்டிக்கு ராத்திரி ஒரு மணி வரை நிற்கும் கூட்டத்தில் பெண்களைத் தேடத்தான் வேண்டும். எங்கள் போட்டி மதியம் தொடங்கி இருட்டுவதற்குள் முடியும். ஆகவே கடிதத்தை மாற்றினோம். எந்தெந்த ஊர் அணிகள் வருகின்றன, அந்த வீடுகளில் என்ன தொழில், எத்தனை பேர் பார்க்க வருவார்கள், அதில் பெண்கள் எவ்வளவு, பெயரை எங்கே எழுதுவோம், மைக்கில் எத்தனை தடவை சொல்வோம், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதினோம். 'வீராங்கனைகளின் கனவு' என்ற வரியை எடுத்துவிட்டோம்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனது ஒரு மாட்டுத் தீவனக் கடைக்கு. எங்கள் பக்கத்தில் மாட்டைக் கவனிப்பதும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதும் பெண்கள். எந்தத் தீவனம் போட்டால் பால் கூடுகிறது என்று அவர்கள்தான் பேசிக்கொள்வார்கள். கடைக்கார அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பால் ஊத்தறவீக வருவாங்களா கண்ணு?" அவர்கள் பிள்ளைகள்தான் ஆடுகிறார்கள் என்றேன். "அப்பச் சரி" என்று களத்தில் விரிக்கும் மேட்டின் வாடகை முழுவதையும் ஏற்றுக்கொண்டார். அடுத்து, தையலுக்கும் செக்கிங்குக்கும் ஆள் கிடைக்காமல் தவித்த, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு ஜாப்வொர்க் யூனிட். விளம்பரம் வேண்டாம், மைதானத்து ஓரத்தில் ஒரு மேசை போட்டு வேலைக்குப் பெயர் எழுதிக்கொள்ள அனுமதி கொடுங்கள் என்று கேட்டார்கள். சாப்பாட்டுச் செலவு அவர்களுடையது. உண்மையிலேயே சில பெண்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அன்றைக்கு அரையிறுதியில் எங்கள் ஊர்ப் பெண், எதிரணியின் நல்ல ரைடரை நடுக்கோட்டுக்கு ஒரு அடி முன்னால் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். மோளப்பாளையத்து அப்பத்தா ஒருவர் கேலரியில் ஏறி நின்று முந்தானையைச் சுழற்றினார். வீட்டில் விளையாட விடமாட்டேன் என்று அடம் பிடித்த அம்மாக்களே, புள்ளி போடுகிறவரிடம் போய் சண்டை பிடித்தார்கள். தீவனக் கடை அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போட்டி முடிந்த வாரமே அவரிடம் போட்டோக்களையும் வரவு செலவுக் கணக்கையும் நகலெடுத்துக் கொடுத்தோம். இதை யாரும் செய்வதில்லை. என் மேசைக்குக் கடிதம் கொடுத்துப் பணம் வாங்கிப் போனவர்களில் கணக்கோடு திரும்பி வந்தவர்களை எண்ணிவிடலாம். அடுத்த வருடம் அவரே போன் செய்து தேதி கேட்டார். காபி கொடுத்த முதலாளியும் இப்போது ஜெர்சி தருகிறார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் அப்பா விசைத்தறி ஓட்டினார், கூலிக்கு நெசவு. பேச்சுவார்த்தையில் கூலி உயர்வு என்று கையெழுத்துப் போட்ட ஒரு ஜவுளி உற்பத்தியாளர், நெய்வதற்கான பாவு நூலைக் கொடுக்கும்போது பழைய கூலிதான் என்றார். அதே வருடம் ஒரு ஆண்கள் போட்டிக்கு நுழைவாயில் வளைவு முழுக்க அவர் பெயர். முதல் பரிசுத் தொகை எங்கள் அப்பா பல மாதம் ஓட்டினாலும் கிடைக்காத பணம். அப்பா கடைசியில் தறிகளை எடைக்குப் போட்டார். விளையாட்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டுக் கொடுக்கட்டும். இதைச் சொன்னால் 'தொழில் நிலைமை உனக்குத் தெரியுமா' என்று கேட்பார்கள். தெரியும், நானும் அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறேன்.

நிலைமை மோசமானால் முதலில் வெட்டுப்படுவது நன்கொடையும் விளம்பரமும்தான், அதையும் நினைவில் வையுங்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதி யூனிட்களில் அதுதான் நடந்தது. ஒரே பெரிய ஸ்பான்சரை நம்பியிருந்த போட்டிகள் தள்ளிப் போயின. எங்களுக்குத் தீவனக் கடை, சேலைக் கடை, ஜாப்வொர்க் யூனிட் என்று சிறிது சிறிதாக வந்ததால் தப்பித்தோம். ஒரே மாதத்தில் வேறு ஸ்பான்சர் பிடிப்பது கிரிக்கெட்டுக்கு முடியும். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுக்குத் தடைச் சட்டம் வந்ததும் இந்திய அணியின் சட்டையிலிருந்து அந்தத் தொழிலில் இருந்த ட்ரீம்11 போனது, செப்டம்பரிலேயே அப்போலோ டயர்ஸ் வந்துவிட்டது. 2016இல் ப்ரோ கபடியோடு சேர்த்து மூன்று அணிகளை வைத்துப் பெண்கள் போட்டி ஒன்று நடத்திக் காட்டினார்கள். அடுத்த வருடம் அது இல்லை. 2023இல் தொடங்கிய பெண்கள் ஐபிஎல்லுக்கு முதல் ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 951 கோடிக்குப் போனது. பெண்கள் ஆடினால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு என்று பிரித்துப் பெண்கள் கபடியும் நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதில் ஆடுகிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் பெரிய பணம் பதக்கம் வாங்கிய பிறகுதான் வருகிறது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கியதும் மாநில அரசு 2 கோடி அறிவித்தது. அவருக்கு அது முழுக்கத் தகும். அவர் அம்மா காய்கறி விற்றுப் பிள்ளையை வளர்த்த காலத்தில் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு வந்திருந்தால் என்ன? இன்னும் பதக்கம் வாங்காத பிள்ளைக்கு ஷூவும் முட்டையும் வாங்கிக் கொடுக்கும் பணத்தை இன்றைக்கும் ஊர்க்காரர்கள்தான் திரட்டுகிறோம்.

கடைசியாகத் தேதி. தீபாவளி போனஸ் நேரத்திலும் மார்ச் கடைசியிலும் எந்த ஆபீஸ் படியும் ஏறாதீர்கள், உங்கள் கடிதத்தை யாரும் பிரிக்கக்கூட மாட்டார்கள். இரண்டு மாதம் முன்னால் கொடுங்கள். சிறப்பு விருந்தினர் வந்த பிறகுதான் இறுதிப் போட்டி என்று எந்த ஸ்பான்சருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருமுறை எங்கள் பிள்ளைகள் வார்ம்அப் செய்த உடம்போடு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, முதல் ரெய்டிலேயே ஒருத்திக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு கடிதத்திலேயே ஆட்ட நேரத்தை எழுதிவிடுகிறோம்.

உங்கள் போட்டியில் பெண்கள் பிரிவு உண்டா என்று கேள்வியில் இல்லை. உண்டென்றால் சொல்லுங்கள், எங்கள் ஒரு பக்கக் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். பெண்கள் களம் 12க்கு 8 மீட்டர்தான், மேட் கொஞ்சம் குறைவாகவே போதும். பல்லடம் பக்கம் நியாயமான வாடகைக்கு மேட் தருகிறவரையும் தெரியும்.