வெல்டிங், எலக்ட்ரீசியன் பயிற்சிக்குப் பெண்களை வரவைப்பது எப்படி?

'பெண்களும் விண்ணப்பிக்கலாம்' என்று விளம்பரத்தில் போட்டும் யாரும் வரவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பி யாரும் வரமாட்டார்கள். வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 2001 முதல் ஆண்டுதோறும் ஒரு நாள் பள்ளி மாணவிகளைத் தொழிற்கூடங்களுக்கு அழைத்து இதைத்தான் செய்கிறார்கள்.

சரி, சேர்ந்துவிட்டார்கள். அப்புறம்தான் உண்மையான சிக்கல். பட்டறையில் இருக்கும் கையுறை பெரும்பாலும் ஆண்களின் கை அளவுக்கு வாங்கியது. விரல் நுனி தொளதொளவென்று தொங்கினால் வெல்டிங் செய்யும் டார்ச் கருவி பிடியில் நிற்காது, பற்றவைப்பு கோணலாகப் போகும். உடனே, 'பெண்களுக்கு இது வராது' என்று ஒரு தீர்ப்பு! உயரத்தில் வேலை செய்யும்போது கட்டும் பாதுகாப்பு பெல்ட் தொளதொளத்தாலோ உயிருக்கே ஆபத்து. சின்ன அளவுகளையும் முதல் நாளுக்கு முன்பே வாங்கி வையுங்கள். தனிக் கழிவறை, உடை மாற்ற இடம் இதெல்லாம் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, ஒரு பேட்ச்சில் ஒரே ஒரு பெண்ணை மட்டும் போடாதீர்கள். அவர் செய்யும் சின்னப் பிழையும் ஊர் கண்ணில் படும். மூன்று நான்கு பேரைச் சேர்த்தே போடுங்கள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் கொடுக்க முடிந்தால், பாதியில் நிற்பவர்கள் குறைவார்கள்.