குதிரைக்கும் உயிர்த்தோழி உண்டா?

கேள்வி: நெடுந்தீவுக்குப் போயிருந்தபோது இரண்டு மட்டக் குதிரைகள் எதிரும் புதிருமாக நின்று, ஒன்றின் முதுகை ஒன்று பல்லால் சொரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். நாங்கள் கிளம்பும்வரை அவை பிரியவே இல்லை. வெறும் அரிப்பா, சிநேகமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சிநேகம்தான். அரிப்பு மட்டும் என்றால் ஒரு கட்டையில் உரசிக்கொண்டு போய்விடும். கூட்டத்தில் பத்துக் குதிரை இருந்தாலும் ஒரு குதிரை இப்படிச் சொரியக் கழுத்தைக் கொடுப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு பேரிடம்தான், மேய்வதும் அவர்கள் பக்கத்தில்தான், வெயிலில் தலையும் வாலுமாக நின்று ஒன்றின் முகத்து ஈயை மற்றது வாலால் விரட்டுவதும் அவர்களோடுதான். பிடரி மயிர் முடிகிற மேட்டைத்தான் அதிகம் சொரியும். பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகளுக்கு அந்த இடத்தில் ஆய்வாளர்கள் கையால் சொரிந்துவிட்டுப் பார்த்தபோது இதயத் துடிப்பு குறைந்தது. வேறு இடத்தில் சொரிந்தபோது அப்படிக் குறையவில்லை. 1993-இல் வெளியான ஆய்வு இது.

நியூசிலாந்தின் கைமானவா மலைக் குதிரைகளைப் பற்றி 2009-இல் வந்தது இன்னும் அருமையானது. ஒரு மந்தையில் பெண்குதிரைகள் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை, இரத்த உறவு கிடையாது. அப்படியிருந்தும் மற்ற பெண்குதிரைகளோடு நெருக்கமாக இருந்தவற்றுக்கு ஆண்குதிரையின் தொல்லை குறைவாக இருந்தது, குட்டிகள் அதிகம் பிறந்தன, பிறந்த குட்டிகள் அதிகம் பிழைத்தன. எனக்கு இதைப் படித்ததும் பிரசவத்துக்குத் துணை நிற்கிற பக்கத்து வீட்டு அக்காமார்தான் நினைவுக்கு வந்தார்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இரண்டு குதிரைகள் இருந்தன. ஒன்றை விற்றுவிட்டோம். மிச்சமுள்ளது வேலியோரமே நடந்துகொண்டு கனைக்கிறது, தீனியும் சரியாக எடுப்பதில்லை. பழகிவிடுமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கனைப்பது சில நாளில் அடங்கலாம் ஐயா, ஆனால் அடங்கிவிட்டதால் சரியாகிவிட்டது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். குதிரை நின்றுகொண்டே கண் அசரும், ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். மந்தையில் சில படுத்தால் ஒன்றாவது நின்று காவல் பார்க்கும். தனியாக இருப்பதற்கு அந்த நிம்மதி ஏது? சுவிட்சர்லாந்தில் குதிரையைத் துணையில்லாமல் வளர்க்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, இன்னொரு குதிரையோ கழுதையோ கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

முதலில் தீனி எடுக்காததை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வயிற்றுவலியாகவும் இருக்கலாம். அப்புறம் விற்றதைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் வேறு துணை பாருங்கள், ஆனால் வந்த அன்றே ஒன்றாக அவிழ்த்துவிட வேண்டாம். சில நாள் வேலிக்கு அப்பாலும் இப்பாலும் நின்று மோந்து பார்க்கட்டும். சேர்த்துவிட்ட பிறகு வைக்கோலை மூன்று நான்கு இடத்தில் தள்ளித் தள்ளிப் போடுங்கள், முதல் சண்டை அங்கேதான் வரும். காதை மடக்கித் துரத்தினால் பதறாதீர்கள். ஒரு நாள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தலை குனிந்து மேயும், அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.