மணாலி–லே சாலையில் தனியாக பைக்கில் போனால் ஒரு நாள் எப்படி இருக்கும்? பயமாக இருக்குமா?

நான் போனது ஜூலையில். மொத்தப் பயணத்தையும் எழுதினால் நீண்டுவிடும், அதனால் ஜிஸ்பாவில் இருந்து லே வரை ஒரே மூச்சாக ஓட்டிய நாளை மட்டும் சொல்கிறேன்.

விடிகாலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளில் தண்ணீர் கூடிக்கொண்டே போகும். காலையில் கணுக்காலை நனைக்கிற ஓடை மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும். அதில் வண்டி சாய்ந்தால், கூட ஆள் இல்லாதவன் பின்னால் லாரி வரும்வரை நிற்க வேண்டியதுதான். பெட்ரோலை முந்தைய நாளே, வழியில் தாண்டி என்ற ஊரில் நிரப்பியாயிற்று. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே போர்டு வைத்திருக்கிறார்கள், ஆனால் லேவுக்கு முன்பே காருவில் பங்க் உண்டு. அந்தத் தூரத்துக்கு என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கின் 15 லிட்டர் டேங்க் போதும், இருந்தாலும் ஒரு கேனில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

பாராலாச்சா கணவாய், சர்ச்சு எல்லாம் சிக்கல் இல்லாமல் கடந்தன. அப்புறம் காட்டா லூப்ஸ், 21 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளை ஓட்டியவனுக்கு எண்ணிக்கை பெரிதில்லை, ஆனால் இது தொடங்குவதே 4,000 மீட்டருக்கு மேல். பனியில் மாட்டிக்கொண்டு தாகத்தோடு செத்துப்போன ஒரு லாரி கிளீனரின் ஆவி இங்கே அலைவதாகக் கதை. அவனுக்கு என்று ஆட்கள் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்கள் ஒரு வளைவில் குவிந்து கிடக்கின்றன. பக்தியோ என்னவோ, மலையில் இவ்வளவு பிளாஸ்டிக்கைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது.

லாச்சுலுங் கணவாயைத் தாண்டி பாங் என்ற இடத்தில் இறங்கும்போது தலை வலிக்க ஆரம்பித்தது. உயரத்தால் தலைவலி வந்தால் கீழே இறங்கு என்பார்கள். பாங்கில் அது அவ்வளவு சுலபமில்லை. அந்த இடமே ஏறக்குறைய 4,600 மீட்டர். திரும்பிப் போக 5,000 மீட்டருக்கு மேலுள்ள லாச்சுலுங்கை மறுபடி ஏற வேண்டும், முன்னே போக அதைவிட உயரமான டங்லாங் கணவாயை ஏற வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஏறித்தான் இறங்க முடியும்.

ஒரு கூடாரக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா டீ கொடுத்துவிட்டு எந்த ஊர், வீட்டில் யார் யார், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊர்க்கதை பேசுகிறார் என்று நினைத்தேன். பிறகு, "அந்த டிரம் வரை நேராக நடந்துவிட்டு வா" என்றார். அப்போதுதான் புரிந்தது, நான் பேச்சில் குழறுகிறேனா, நடையில் தள்ளாடுகிறேனா என்று பார்த்திருக்கிறார். உயரத்தால் மூளையில் நீர் கோத்தால் அதுதான் முக்கியமான அறிகுறி. நான் நேராகத்தான் நடந்தேன். வாந்தியும் இல்லை. அரை மணி நேரம் உட்கார வைத்து, சூப் குடிக்க வைத்து, "சரி போ, ஆனால் இங்கே படுக்காதே, மேலே கணவாயிலும் நிற்காதே" என்றார். தள்ளாடியிருந்தால் பக்கத்து ராணுவ முகாமுக்கு அனுப்பியிருப்பார்.

தனியாகப் போவதில் எனக்கு உண்மையாகவே பயம் கொடுத்த விஷயம் இதுதான். பள்ளத்தையும் பஞ்சரையும் நாமே பார்த்துச் சமாளித்துவிடலாம், நம் முகம் எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். அதனால் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் வழியில் இருக்கும் ஒவ்வொரு கூடாரத்திலும் நிறுத்துங்கள், யாரிடமாவது நாலு வார்த்தை பேசுங்கள்.

பாங்குக்கு அப்புறம் மோரே சமவெளி, சுமார் 40 கிலோமீட்டர் நேர் சாலை. படத்தில் சொர்க்கம் போல இருக்கும். வளைவே இல்லாத சாலை, மெல்லிய காற்று, வயிற்றில் சூடான சூப், தூக்கம் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டுக்குள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே ஓட்டினேன்.

டங்லாங் கணவாயின் போர்டில் 17,582 அடி என்று இருந்தது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், வண்டியே இழுக்கத் திணறியது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிட்டேன். ரும்ட்சே, கியா ஊர்களில் பச்சை பார்லி வயல்கள் வந்தன, உப்ஷியில் சிந்து நதி வந்தது, அங்கே போய்ச் சேரும்போது தலைவலி போயே போய்விட்டது. லே சேர இருட்டிவிட்டது.

ஒன்று விட்டுப்போயிற்று. நம்ம ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். போஸ்ட்பெய்டு வைத்திருந்தாலும் ஜிஸ்பாவைத் தாண்டினால் உப்ஷி பக்கம் வரும்வரை பெரும்பாலும் சிக்னலை நம்ப முடியாது, வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.