எரரும் இல்லை, விடையும் இல்லை!

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடை எஸ்க்யூஎல் சர்வரில் (தரவுத்தள மென்பொருள்), ஊர், தேதி எல்லாவற்றையும் ‘+’ போட்டு ஒட்டி, டைனமிக் குவெரியாக (ஓடும்போதே கட்டப்படும் தேடல் கட்டளை) எக்ஸெக் செய்கிறோம், அதாவது இயக்குகிறோம். ஊரைக் காலியாக விட்டால் ஒரு வரிகூட வருவதில்லை, எரரும் இல்லை. ஏன்?
– வாசகி, ஈரோடு

பதில்: எரர் வராததுதான் துப்பு. காலியாக விட்ட ஊர் ‘நல்’ (NULL, மதிப்பே இல்லாத நிலை) ஆகப் போகிறது போலிருக்கிறது. நல் மதிப்போடு ‘+’ போட்டு எதை ஒட்டினாலும் மொத்த வாக்கியமும் நல் ஆகிவிடும். நல்லை எக்ஸெக் செய்தால் சர்வர் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளும். எக்ஸெக்குக்கு முந்தின வரியில் அந்த வேரியபிளை பிரிண்ட் செய்து பாருங்கள். வெறும் வரி வந்தால் சந்தேகமே வேண்டாம். (பிரிண்ட் 4,000 யூனிகோட் எழுத்தோடு நின்றுவிடும், நீளக் குவெரி பாதியில் வெட்டுப்பட்டதாக நினைத்துப் பதற வேண்டாம்.)

2012 பதிப்பில் வந்த கான்கேட் (CONCAT, சரங்களை ஒட்டும் ஃபங்ஷன்) நல்லை வெற்றுச் சரமாக்கும். இங்கே அதைப் பரிந்துரைக்க மாட்டேன்: குவெரி ‘ஊர் = வெற்று’ என்று தேடும், அப்போதும் ஒன்றும் கிடைக்காது. ஊரின் மதிப்பு NULL ஆக இல்லாதபோது மட்டும் இஃப் போட்டு அந்த நிபந்தனையைச் சேருங்கள்.

தயவுசெய்து மதிப்புகளை ஒட்டவே ஒட்டாதீர்கள். தேடல் பெட்டியில் யாரோ ஒற்றை மேற்கோளோடு ஒரு டெலீட் கட்டளையைத் தட்டினால், அதுவும் உங்கள் குவெரியாகவே ஓடிவிடும். எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல் (sp_executesql) மூலம் பாராமீட்டராக, அதாவது கட்டளையோடு ஒட்டாத தனி மதிப்பாக, அனுப்புங்கள். வாக்கியமும் ஊர் பாராமீட்டரும் என்வார்கார் (nvarchar, யூனிகோட் எழுத்து) வகையாக இருக்கட்டும். சோதிக்கும்போது ‘மதுரை’ என்று நேரடியாக எழுதினால், மேற்கோளுக்கு முன் ‘N’ என்ற ஆங்கில எழுத்தைப் போடுங்கள். இல்லையென்றால் வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளைக் கையாளும் அமைப்பு) அது வெறும் கேள்விக்குறிகளாகத்தான் போய்ச்சேரும்.