ஏரியிலும் கடலிலும் ராட்சத மிருகத்தைப் பார்த்தேன் என்பவர்கள் வேறு எதையோ பார்த்து ஏமாந்தவர்கள்தானா?

கேள்வியிலேயே இரண்டு கட்சிகளும் இருக்கின்றன. "நூற்றுக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள், அத்தனை பேருமா பொய் சொல்வார்கள்?" என்பது ஒன்று. "எல்லாம் மரக்கட்டையும் நீர்நாயும்தான், இவர்கள் அதைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள்" என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது சொல்லும் விதத்தில் எனக்கு ஒரு பிணக்கு உண்டு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். பழைய சாட்சியங்களைத் தேடிப் படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அவற்றில் பயந்து நடுங்கியவர்களைவிட, பகல் வெளிச்சத்தில் நிதானமாக நின்று பார்த்தவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். கப்பல் அதிகாரிகள், மீன்பிடிப்பவர்கள், ஏரிக்கரையிலேயே குடியிருப்பவர்கள். இவர்கள் அரண்டவர்கள் இல்லை. இவர்களை ஏமாற்றியது தண்ணீர். அதிலும் முதலில் தப்பிப்போவது "அது என்ன" என்பது இல்லை, "அது எவ்வளவு பெரிது" என்பது. அளவு தவறினால் அடையாளம் தானாகவே தவறிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். நீர்மட்டத்திலிருந்து உங்கள் கண் 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் தள்ளி மிதக்கும் பொருளைப் பார்க்க, பார்வை கிடைமட்டத்திலிருந்து சுமார் கால் டிகிரி கீழே இறங்கவேண்டும். 1,000 மீட்டர் தள்ளி இருந்தால் அதில் பாதி. ஆக, இந்த இரண்டு தூரங்களையும் பிரித்துக் காட்டுவது டிகிரியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய வித்தியாசம். முழுநிலவின் அகலத்தில் கால்வாசிகூட இல்லை. தரையில் என்றால் மரம், வீடு, ஆள் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது குறுக்கே நிற்கும். தண்ணீரில் ஒன்றும் இல்லை. 100 மீட்டரில் இருக்கும் 1 மீட்டர் பொருளும் ஒரு கிலோமீட்டரில் இருக்கும் 10 மீட்டர் பொருளும் கண்ணில் ஒரே அளவுதான்.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தூரத்தைப் பத்து மடங்கு கூட்டிப் போட்டால் வேகமும் பத்து மடங்கு கூடிவிடும். நொடிக்கு 1 மீட்டர் நீந்தும் ஒரு நீர்ப்பறவை, மணிக்கு 36 கிலோமீட்டரில் பாயும் மிருகமாகிவிடும். அதனால்தான் "அவ்வளவு பெரிய உடம்பு, அப்படியொரு வேகம்" என்று இரண்டையும் சேர்த்து யாராவது சொன்னால் எனக்கு ஆச்சரியத்தைவிடச் சந்தேகம்தான் வரும். இரண்டும் ஒரே பிழையிலிருந்து வந்திருக்கலாம்.

சரி, அங்கே மிருகமே இல்லாமலும் மிருகம் தெரியுமா? தெரியும். ராட்சதக் கதைக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரி சுமார் 37 கிலோமீட்டர் நீளம், ஆழம் 230 மீட்டரை ஒட்டியது. நேராக, ஒடுக்கமாக, செங்குத்தான கரைகளோடு கிடக்கிறது. கலிடோனியன் கால்வாயின் பாதை இந்த ஏரி வழியாகப் போவதால் 1822இலிருந்தே படகுப் போக்குவரத்து உண்டு. ஒரு படகு கிளப்பிய அலைகள் இரு கரைகளிலும் மோதித் திரும்பி, ஒன்றோடொன்று கலந்து, நடு ஏரியில் வரிசையாகக் கறுத்த திமில்கள் மாதிரி எழும்பும். அதற்குள் படகு போய் வெகுநேரம் ஆகியிருக்கும். பார்ப்பவருக்கு அமைதியான ஏரியும் நகரும் திமில்களும் மட்டும்தான் மிச்சம்.

கானலும் உண்டு. குளிர்ந்த நீரின் மேல் சூடான காற்று நிற்கும்போது ஒளி வளைந்து, தொலைவில் இருக்கும் பொருளைச் செங்குத்தாக இழுத்துக் காட்டும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டமர் லேன் 1979இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நீரிலிருந்து கொஞ்சமாகத் தலைநீட்டும் கட்டையோ பாறையோ, தாழ்ந்த இடத்திலிருந்து பார்ப்பவருக்கு நீண்ட கழுத்தாக எழும்பி நிற்கலாம். இது கண்ணின் கோளாறு இல்லை. கேமராவிலும் அப்படியேதான் பதியும். இதை "ஒரு மிருகத்தை இன்னொரு மிருகமாக நினைத்துவிட்டார்" என்று சொல்லவே முடியாது. மாறுவதற்கு அங்கே இன்னொரு மிருகம் இல்லையே.

பார்த்த பிறகு நினைவு செய்கிற வேலை தனி. லாக் நெஸ்ஸில் 2003இல் பிபிசி குழு 600 சோனார் (ஒலியை அனுப்பி நீருக்கடியில் தேடும் கருவி) கற்றைகளை வைத்து ஏரியை அலசி எதுவும் இல்லை என்று காட்டியது. அதோடு அவர்கள் செய்த இன்னொரு சோதனைதான் எனக்கு அதிகம் பிடித்தது. ஒரு வேலிக்கம்பத்தை நீருக்கடியில் ஒளித்துவைத்து, பேருந்தில் வந்த சுற்றுலாப் பயணிகள் முன்னால் மேலே எழுப்பினார்கள். கேட்டபோது பெரும்பாலோர் சதுரமான ஏதோ ஒன்றைப் பார்த்ததாகச் சரியாகத்தான் சொன்னார்கள். வரைந்து காட்டச் சொன்னதும் சிலர் கையிலிருந்து ராட்சதத் தலை வந்தது!

அந்தத் தலைக்கு அச்சு எங்கிருந்து வந்தது? நீண்ட கழுத்துக் கடல் ஊர்வனவான பிளிசியோசாரின் ஓரளவு முழுமையான எலும்புக்கூட்டை மேரி ஆனிங் 1823இல் இங்கிலாந்தில் கண்டெடுத்தார். அதற்கு முன் சொல்லப்பட்ட கடல் ராட்சதங்கள் பெரும்பாலும் பாம்பு வடிவம். சார்லஸ் பாக்ஸ்டனும் டேரன் நாய்ஷும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, புதைபடிவங்கள் பிரபலமான பிறகு நீண்ட கழுத்து விவரணைகளின் பங்கு கூடிக்கொண்டே போனதைக் காட்டியது. கடலில் இருக்கும் மிருகம் அருங்காட்சியகத்தைப் பார்த்து உருவம் மாற்றிக்கொள்ளாது. மாறியது பார்த்தவர்கள் மனதில் இருந்த படம்.

அந்தப் படத்தை உலகம் முழுக்க அச்சடித்துக் கொடுத்தது 1934 ஏப்ரலில் டெய்லி மெயில் பத்திரிகை லாக் நெஸ் ராட்சதம் என்று வெளியிட்ட "மருத்துவரின் புகைப்படம்". அது ஒரு பொம்மை நீர்மூழ்கியின் மேல் ஒட்டிய தலை என்பது கிறிஸ்டியன் ஸ்பர்லிங் தன் கடைசிக் காலத்தில் கொடுத்த வாக்குமூலம் 1994இல் வெளியானபோது தெரியவந்தது. அவருடைய மாற்றாந்தந்தை மார்மடியூக் வெதரல் அதற்கு முன் கரையில் "கண்டுபிடித்த" காலடித்தடங்கள், காய்ந்த நீர்யானைக் காலால் பதித்தவை என்று தெரிந்து அவமானப்பட்டவர். அதற்குப் பழிவாங்கவே இந்த ஏற்பாடு. மோசடிக் கதை சுவையானதுதான். ஆனால் என் கட்சிக்குப் பயன்படுவது வேறொன்று. எல்லோரும் பார்த்தது ஓரங்கள் வெட்டப்பட்ட படம். வெட்டாத படத்தில் சுற்றிலும் நிறையத் தண்ணீர், நடுவில் துளியூண்டு உருவம். வெட்டியதும் அளவைச் சொல்லும் தடயம் போய்விட்டது, பொம்மை ராட்சதமாகிவிட்டது.

சாட்சிகள் நம்பகமானவர்களாக இருந்தும் என்ன நடக்கும் என்பதற்கு 1848ஆம் ஆண்டின் டெய்டலஸ் சம்பவத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆகஸ்ட் 6 அன்று தெற்கு அட்லாண்டிக்கில் இந்தப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பிராணி பக்கத்தில் கடந்துபோனது. கேப்டன் பீட்டர் மக்வே, அறுபது அடியாவது நீளும் பாம்பு என்றார். தலைக்குப் பின்னால் உடம்பின் குறுக்களவு 15, 16 அங்குலம். துடுப்பு கிடையாது, முதுகில் குதிரைப் பிடரி மாதிரி ஏதோ இருந்தது என்று எழுதினார். அதே தளத்தில் நின்ற லெப்டினன்ட் எட்கர் டிரம்மண்டின் குறிப்பு வேறு மாதிரி இருக்கிறது. தலை மட்டுமே பத்து அடி இருக்கலாம். நீண்டு கூர்மையானது, மேலே தட்டையானது. தலைக்கு இருபது அடி பின்னால் முதுகுத் துடுப்பு தெரிந்தது. ஒரே பிராணி, ஒரே நேரம், இரண்டு அதிகாரிகள்!

விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் அதைப் பெரிய சீல் என்று சொல்லிவிட்டார். கேப்டன் கோபமாக மறுத்தார். மறுத்தது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். டிரம்மண்டின் குறிப்போடு சீல் ஒட்டவே இல்லை. 2015இல் உயிரியலாளர் கேரி கால்பிரெத் முன்வைத்த விளக்கம் பொருந்துகிறது. அவர் சொன்னது "சேய்" (Sei) என்ற பெயருள்ள பெரிய திமிங்கல இனம். மேற்பரப்பை வழித்துக்கொண்டே இரை தேடும்போது அதன் நீண்ட தட்டையான மேல்தாடை நீருக்கு வெளியே தெரியும், துடுப்பு பின்னால் வரும். கவனியுங்கள், திமிங்கலத்தை உலகுக்கே தெரியும். அந்தக் கோணத்தில் அந்த நடத்தையை அந்தக் கப்பலில் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

செத்த உடலைக் கையில் வைத்துக்கொண்டும் தவறலாம். பாஸ்கிங் சுறா என்ற பெரிய சுறா அழுகும்போது தாடையும் செவுளும் முதலில் கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது சின்னத் தலை, நீண்ட "கழுத்து". 1808இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்சே தீவில் ஒதுங்கிய உடலை 55 அடி என்று அளந்து புது விலங்காகப் பெயரும் சூட்டினார்கள். முதுகெலும்பைப் பார்த்த எவரார்ட் ஹோம் சுறா என்றார். 1977இல் நியூசிலாந்து அருகே ஜப்பானிய இழுவைப்படகு சுயோ மாரு வலையில் சிக்கியதும் அதே கதை. மீன் கெட்டுவிடும் என்று உடலைக் கடலிலேயே தள்ளிவிட்டார்கள். எடுத்து வைத்திருந்த நார்களின் வேதிச் சோதனை பாஸ்கிங் சுறாவையே காட்டியது.

இனி மறுப்பவர்கள் பக்கம். இவர்களும் கைக்கு வந்ததை எடுத்து ஒட்டுகிறார்கள். நெஸ்ஸி (லாக் நெஸ் ராட்சதத்தின் செல்லப்பெயர்) என்பது சர்க்கஸ் யானை துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நீந்தியதாக இருக்கலாம் என்று 2006இல் நீல் கிளார்க் என்ற தொல்லுயிரியலாளர் சொன்னார். சிரிக்க நன்றாக இருக்கிறது. கடற்பாம்பு என்றதும் துடுப்பு மீன் (oarfish) என்ற நீண்ட நாடா மாதிரி மீனைக் காட்டுவது இன்னொரு வழக்கம். எட்டு மீட்டர் வரை நீளும், தலையில் செந்நிறக் கொண்டை உண்டு, சரிதான். ஆனால் அது ஆழத்தில் செங்குத்தாக மிதக்கும் மீன். மேலே வருவது பெரும்பாலும் சாகும் நிலையில். தலையைத் தூக்கிக்கொண்டு கப்பலோடு போட்டிபோடும் பிராணி இல்லை. ராட்சதம் என்பதற்கு எவ்வளவு ஆதாரம் கேட்கிறோமோ அதே அளவு "இல்லை, இது இன்னது" என்பதற்கும் கேட்கவேண்டும். "பெரும்பாலும் அலை" என்று நிறுத்திக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது.

ஏரியையும் கடலையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. லாக் நெஸ் பனியுகத்தில் பனிக்கட்டிக்கு அடியில் இருந்தது. ஏரியாகச் சுமார் 10,000 வருட வயதுதான். பிளிசியோசார் அழிந்து 6.6 கோடி வருடம். ஒரு மிருகம் இருந்தால் போதாது, பரம்பரையாகக் குட்டி போட ஒரு கூட்டமே வேண்டும். ஊர்வன என்றால் மூச்சுவிட நாள்தோறும் பலமுறை மேலே வரவேண்டும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் ஜெம்மல் குழு 2018இல் ஏரி நீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவைச் சேகரித்து அடுத்த வருடம் முடிவு சொன்னது: ஊர்வன டிஎன்ஏ இல்லை, விலாங்கு டிஎன்ஏ ஏராளம். உடனே "ராட்சத விலாங்கு" என்று ஆரம்பித்தார்கள். 2023இல் ஒரு ஆய்வு, அந்த ஏரியில் 1 மீட்டர் விலாங்கு கிடைப்பதே சுமார் 50,000இல் ஒன்று என்று கணக்குப் போட்டது. 6 மீட்டருக்கு வாய்ப்பு பூஜ்யம்தான். ஏரிக் கட்சி என்னைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. (ஸ்வீடனின் ஸ்டோர்ஷோன் ஏரி ராட்சதத்துக்கு 1986இலிருந்து 2005 வரை சட்டப் பாதுகாப்பே இருந்தது. வேட்டையாட யாருக்கும் அது கிடைக்கவில்லை.)

கடல் வேறு. ராட்சதக் கணவாய் பற்றிய மாலுமிகளின் பேச்சைக் கட்டுக்கதை என்று தள்ளியவர்கள்தான் தோற்றார்கள். 1857இல் டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப் அலகை வைத்து அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். 1861இல் பிரெஞ்சுக் கப்பல் அலெக்டன் நேரில் மோதி, வால் துண்டோடு திரும்பியது. அப்போதும் சந்தேகப்பட்டார்கள். ஆழ்கடலில் உயிரோடு அது படம்பிடிக்கப்பட்டது 2004இல்தான். மெகாமவுத் சுறா 4 மீட்டருக்கு மேல் நீளம். 1976இல் ஹவாய் அருகே ஒரு கப்பலின் கடல் நங்கூரத்தில் சிக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே அறிவியலுக்குத் தெரியாது. மாலுமிகள் சொன்னது சில சமயம் சரியாக இருந்திருக்கிறது. அப்போதெல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் அலகோ தாடையோ உடலோ கைக்கு வந்திருக்கிறது.

என்னால் எந்தப் பெட்டியிலும் போட முடியாத ஒன்றும் இருக்கிறது. 1905 டிசம்பர் 7, பிரேசில் கரைக்கு அப்பால், வல்ஹல்லா என்ற உல்லாசக் கப்பல். பார்த்த இருவரும், மைக்கேல் நிகோலும் மீட்-வால்டோவும், பழகிய இயற்கையியலாளர்கள். சுமார் ஆறு அடி நீளத் துடுப்பு, அதற்கு முன்னால் ஏழெட்டு அடி உயரத்துக்கு எழுந்த கழுத்து, ஆமையுடையது மாதிரித் தலை. தூரம் நூறு கஜம் அளவில்தான், தொலைநோக்கியும் இருந்தது. அதனால் மேலே நான் போட்ட தூரக் கணக்கு இங்கே அவ்வளவாக உதவாது. கணவாயின் கை என்று பின்னால் சிலர் சொன்னார்கள், எனக்கு ஒட்டவில்லை. அதற்காகப் பிளிசியோசார் என்றும் சொல்லமாட்டேன். கடல்நீரில் டிஎன்ஏ தேடும் வேலை இப்போது பல கடல்களில் நடக்கிறது. அதில் ஏதாவது சிக்கினால் அப்புறம் பேசலாம்.