கெம்பும் பச்சையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆயாவின் கெம்பு அட்டிகையைப் பேரன் கல்யாணத்துக்காகப் பெட்டகத்திலிருந்து எடுத்தோம். நடுவில் மரகதம், சுற்றிலும் பர்மாச் சிவப்புக் கெம்பு (மாணிக்கம்). எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கோனுக்குக் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போனபோது வாங்கியது. பிளஸ் டூ படிக்கும் பேத்தி, "ரெண்டு கல்லுக்கும் நிறம் கொடுப்பது குரோமியம்தான்" என்கிறாள். சிவப்பும் பச்சையும் எப்படி ஒன்றாகும்? கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கில் காட்டினால் கெம்பு தணல்போல ஒளிர்கிறது. அப்படியென்றால் அசல்தானே?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

பேத்தி சொல்வது சரி. 1797இல் வோக்லன் என்ற பிரெஞ்சுக்காரர் சைபீரியாவின் செந்நிற ஈயத் தாதுவில் இந்த உலோகத்தைக் கண்டுபிடித்தார். கிரேக்க மொழியில் குரோமா என்றால் நிறம். பெயர் அதிலிருந்து வந்தது. உலோகமாக இருக்கையில் மட்டும் அதற்கு நிறமே கிடையாது. குளியலறைக் குழாயின் வெள்ளிப் பளபளப்புதான்.

கெம்பு என்பது அலுமினியம் ஆக்சைடு. சுத்தமாக இருந்தால் கண்ணாடிபோல நிறமற்றது. அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தில், நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூட வேண்டாம், குரோமியம் வந்து உட்கார்ந்தால் போதும், சிவந்துவிடும். குரோமியம் அலுமினியத்தைவிடச் சற்றுப் பருமன். சுற்றியிருக்கும் ஆறு ஆக்சிஜனும் அதை நெருக்குகின்றன. அந்த நெருக்கடியில் அது ஊதாவையும் மஞ்சள்பச்சையையும் விழுங்கிவிட, சிவப்பு மிஞ்சுகிறது. மரகதத்திலும் அதே இடம், அதே ஆறு ஆக்சிஜன். ஆனால் அங்கே சிலிக்கனும் பெரிலியமும் அந்த ஆக்சிஜன்களைத் தம் பக்கம் இழுத்துப் பிடிப்பதால் குரோமியத்தின் மேல் பிடி தளர்கிறது. இப்போது மஞ்சளும் சிவப்பும் விழுங்கப்பட்டுப் பச்சை தப்பிக்கிறது.

கெம்பை நன்றாகச் சூடாக்கினால் அணுக்கள் விலகி அதுவும் பச்சையாகும். ஆறியதும் சிவப்பு திரும்பும். அட்டிகையில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், அரக்கு உருகிவிடும். (உங்கள் வளவின் ஆத்தங்குடித் தரைக் கல்லில் இருக்கும் சிவப்பு வேறு கதை. அது இரும்பு.)

தணலுக்கும் காரணம் குரோமியமே. விளக்கின் புறஊதாவை வாங்கி, 694 நானோமீட்டர் அலைநீளத்தில் செவ்வொளியாகத் திருப்பித் தருகிறது. 1960இல் மைமன் செய்த முதல் லேசருக்குள் இருந்ததும் கெம்புக் குச்சிதான். கல்லில் இரும்பு கலந்திருந்தால் இந்த ஒளி மங்கும். பர்மாவின் மோகோக் பகுதிக் கெம்பு சலவைக்கல் பாறையில் விளைவது, இரும்பு குறைவு, அதனால் நன்றாக ஒளிரும். சயாம் (தாய்லாந்து) கல் மங்கல்.

ஆனால் அசல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், ஆச்சி. வெர்னூய் என்பவர் 1902இல் தூளைச் சுடரில் உருக்கிக் கெம்பு வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதுவும் அலுமினியம் ஆக்சைடும் குரோமியமும்தான். இரும்பே இல்லாததால் இன்னும் பிரமாதமாக ஒளிரும். கெம்புபோலவே தோன்றும் வேறொரு கல்லான பர்மாவின் சிவப்பு ஸ்பினலும் ஒளிரும். உங்கள் விளக்கு குரோமியம் இருக்கிறது என்று மட்டுமே சாட்சி சொல்லும்.

கல் சோதனைக்கூடத்தில் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். சுடரில் வளர்த்த கல்லில் வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் தெரியும். மண்ணில் விளைந்ததில் பட்டுநூல்போல மெல்லிய ஊசிகள் இருக்கலாம். அப்படியே பழைய கணக்கு ஏடுகளில் ஐயா ரங்கோன் போன வருஷத்தையும் பாருங்கள். 1902க்குப் பிறகென்றால் கொஞ்சம் சந்தேகத்தோடேயே கல்லைக் கொண்டுபோங்கள்.